6 மணி என்றால் 4.35: ஒரு தெர்மோஸ்டாட்டுடன் எட்டுக் குளிர்காலங்கள்

மனைவியின் தம்பி சென்ற மாதம் கனடாவில், டொரொண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜாக்ஸில் ஒரு பழைய வீடு வாங்கினார். சாவி கைக்கு வந்த அன்றே கூடத்துச் சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வட்டமான தெர்மோஸ்டாட்டைப் படம் எடுத்து அனுப்பி, "அத்தான், இதைக் கழட்டிப்போட்டு நேரம் வச்சு ஓடுற புதுசு ஒண்டை நானே பூட்டலாமோ? நீங்கள் வச்சிருக்கிறது நல்லதோ?" என்று கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: பூட்டலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், உள்ளங்கை அளவான ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மீது எட்டுக் குளிர்காலங்களாக எவ்வளவு மனத்தாங்கலைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிய வந்தது.

எங்களுடையது ஸ்காபரோவில் மாடியில்லாத வீடு. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபேர்னஸ் நிலவறையில் இருக்கிறது. எங்கள் படுக்கையறை அதற்கு நேர் மேலே இருக்கிறது. இந்த இரண்டாவது தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2017 ஒக்ரோபரில் நான் கழற்றியதும் மைத்துனர் படத்தில் அனுப்பியதைப் போன்ற ஒரு வட்டம்தான். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1953 இல் ஹனிவெல் வெளியிட்ட அந்த வடிவத்தை வட அமெரிக்காவில் காணாதவர்கள் குறைவு. உள்ளே ஒரு உலோகச் சுருள், அதன் முனையில் பாதரசத் துளி உருளும் ஒரு கண்ணாடிக் குப்பி; குளிர்ந்தால் சுருள் திரும்பும், குப்பி சாயும், பாதரசம் இரண்டு முனைகளையும் தொட்டு மின்சுற்றை மூடும். அவ்வளவுதான் அதன் அறிவு. அதற்கு மணி தெரியாது, கிழமை தெரியாது, பற்றரியும் தேவையில்லை. அது எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குப் போகும்போது குறைத்துவைக்க நாங்கள் மறந்துபோனோம் என்பதே அதைக் கழற்றியதற்கான முழுக் காரணம்.

பூட்டுவதைப் பொறுத்தவரை, அச்சப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சுவரிலிருந்து வருபவை மெல்லிய பல நிற வயர்களா, அல்லது தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். தடித்தவை என்றால் அது சுவரோரம் வைக்கும் மின் ஹீற்றருக்கானது. அதில் ஓடுவது 120 அல்லது 240 வோல்ட், அதற்குரிய தெர்மோஸ்டாட் வேறு, அதில் கை வைக்கக் கூடாது. மெல்லியவை என்றால் 24 வோல்ட். ஃபேர்னஸுக்குப் பக்கத்திலுள்ள ஆளியை நிறுத்திவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பழையதின் மூடியைக் கழற்றியவுடன், எந்த வயர் எந்த எழுத்தின் கீழ் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர் என்பது மின்சாரம் வரும் வயர், டபிள்யூ சூடாக்க, வை குளிரூட்ட, ஜி காற்றாடிக்கு. வழக்கமாக இவை முறையே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை நிறங்களில் இருக்கும். ஆனால் முன்னர் யாரோ கையில் கிடைத்த வயரை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்பதால் நிறத்தை விட்டுவிட்டு எழுத்தையே நம்ப வேண்டும். கழற்றிய வயர்களை ஒரு பென்சிலில் சுற்றிவைத்தால் அவை சுவருக்குள் நழுவி விழாது. வயர் வரும் துவாரத்தையும் அடைத்துவிட வேண்டும். சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டுக்கொண்டிருந்தால் வீடு முழுவதும் குளிர்கிறது என்று அது நம்பிவிடும். பாதரசக் குப்பியைக் குப்பையில் போடாமல், மாநகரத்தின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தேன். இத்தனையும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. வட்டத்தை எடுத்த இடத்தில் முன்னைய உரிமையாளரின் காலத்துப் பச்சை வர்ணம் பிறைபோல் எட்டிப் பார்த்தது. புதிய சதுரப் பெட்டியால் அதை மறைக்க முடியவில்லை. இன்றும் அது அங்கே இருக்கிறது.

ஒரு பிழை விட்டேன், அது எட்டு மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. புதியதில் ஆர் என்ற இடம் சூடாக்குவதற்கு ஒன்றும் குளிரூட்டுவதற்கு ஒன்றுமாக இரண்டு இருந்தது. இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு உலோகத் துண்டை, பொதியோடு வந்த ஏதோ உபரி என்று எண்ணிக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். குளிர்காலம் முழுவதும் எந்தக் குறையும் இல்லை. ஜூன் மாதத்தில் குளிரூட்டியை இயக்கியபோது வெளியே இருக்கும் இயந்திரம் முனகக்கூட இல்லை. பழுதுபார்ப்பவரை அழைப்பதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகே அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. சிவப்பு வயர் ஒன்றே ஒன்றுதான் வருகிறது என்றால் அந்தத் துண்டு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

இனி, உண்மையில் எழுத வந்த விடயம்.

இரவு 17 பாகை, காலை 6 மணிக்கு 21 பாகை என்று நான் அமைத்தேன். முதல் வாரம் 6 மணியை ஒட்டித்தான் ஃபேர்னஸ் எழுந்தது. இரண்டாவது வாரம் 5.30. டிசம்பர் முடிவில் வெளியே மறை 20 என்று இருந்த ஒரு விடியலில், 4.35க்குக் கீழே முதலில் சிறு காற்றாடி சுழல்கிற முனகல், பிறகு எரிவாயு பற்றிக்கொள்கிற 'புஸ்', அரை நிமிடத்தில் பெரிய காற்றாடியின் இரைச்சல், தொடர்ந்து சூடேறி விரிகிற தகரக் குழாய்கள் என் தலைமாட்டில் 'டங், டங்' என்று இடுகிற அடி. நான் 6 என்று எழுதியிருக்கிறேன், அது 4.35க்கு எழுகிறது. கடிகாரத்தைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. நிரலை அழித்து மறுபடி எழுதினேன். மூன்று நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, மறுபடி பழைய குணத்தைக் காட்டியது. விற்ற கடையில் கேட்டேன். அப்படி நடக்க வழியில்லை என்றார்கள். வெப்பத்தை நிரந்தரமாக ஒரே அளவில் நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு குளிர்காலங்கள் அந்தப் பெட்டியைப் பழைய வட்டம்போலக் கையால் கூட்டிக் குறைத்தேன். 60 டொலர் கொடுத்து வாங்கிய நிரலை இப்படிப் பூட்டிவைத்தவன் நான் மட்டுமல்ல. அமெரிக்காவில் இவ்வகைத் தெர்மோஸ்டாட்டுகளுக்கு வழங்கிவந்த, எரிசக்தியை மிச்சப்படுத்தும் கருவி என்பதற்கான எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009 முடிவோடு நிறுத்தினார்கள். மக்கள் நிரலைப் பயன்படுத்தாததால் எதிர்பார்த்த சேமிப்பு வீடுகளில் கிடைக்கவில்லை என்பதே அதற்கான காரணம். அதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் கையேட்டின் பின்பக்கங்களில், பூட்டுபவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதியில் விடை கிடைத்தது. அந்தப் பெட்டிக்கு 6 மணி என்பது வேலையைத் தொடங்கும் நேரம் அன்று. வேலையை முடித்திருக்க வேண்டிய நேரம். வீடு ஒரு பாகை ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் கவனித்துக் கணக்கு வைத்து, 6 மணிக்கு 21 பாகை நிற்கும்படி அதற்கு முன்பே ஃபேர்னஸை எழுப்புகிறது. எங்கள் மண்டப விழாக்களில் அழைப்பிதழில் 6 மணி என்று அச்சிட்டால் 7.30க்கு விளக்கேற்றுவார்கள், அந்த நியதியில் வளர்ந்த ஒருவனுக்கு, 6 மணி என்றால் 6 மணிக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று விளங்கிக்கொள்ளும் ஒரு பெட்டி வாய்த்தது. பிழை விளக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத் திரையில் "தொடங்கும் நேரம்" என்றோ "அடையும் நேரம்" என்றோ ஒரு சொல் இருந்திருந்தால் என் மூன்று குளிர்காலங்கள் மிஞ்சியிருக்கும். அதே பின்பக்கங்களில், ஒரு மணிக்கு எத்தனை தடவை ஃபேர்னஸ் எழலாம் என்ற எண்ணும் இருந்தது. சாதாரண ஃபேர்னஸுக்கான 5 என்ற எண்ணோடு பெட்டி வந்திருக்கிறது; எங்களுடையது போன்ற உயர்திறன் ஃபேர்னஸுக்கு 3 என்று மாற்ற வேண்டுமாம். மாற்றியபின் இரவில் அது எழுந்து படுக்கும் தடவைகள் குறைந்தது உண்மை. இதையும் யாரும் சொல்லவில்லை.

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, எண்களுக்குள் நுழைந்து, அந்த முன்கூட்டி எழும் குணத்தை அணைத்தேன். வெற்றி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஃபேர்னஸ் 6 மணிக்கு எழுந்தது. வீடு 21 பாகையைத் தொட்டபோது 7.20 ஆகிவிட்டது, 7 மணி வேலைக்காக 6.20க்கே புறப்படுகிற என் மனைவி குளியலறையில் நடுங்கிவிட்டுப் போனார். அவருக்காகத் தொடக்கத்தை 4.45 ஆக்கினேன்: கடுங்குளிரில் அது போதவில்லை, மார்ச்சில் வெளியே 3 பாகை இருந்தபோது 5.15க்கே வீடு சூடாகி, ஆள் எழாத வீட்டுக்கு எரிவாயு வீணாயிற்று. அந்தப் பெட்டி ஒவ்வொரு இரவும் சத்தமில்லாமல் போட்டுவந்த கணக்கை நான் கையால் போட முயன்று மூன்று மாதம் தோற்றேன். அடுத்த நவம்பரில் அதை மறுபடி இயக்கிவிட்டேன். இயக்கியவன் நான்தான், நியாயம் அதன் பக்கம்தான், ஆனாலும் 4.35க்கு அந்தத் தகரம் 'டங்' என்னும்போது எனக்கு வருகிற கோபத்தில் ஒரு குறைவும் இல்லை. மனைவி தொடக்கத்திலிருந்தே அதன் கட்சி. காலில் செருப்பில்லாமல் தேநீர் போட முடிகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்.

பற்றரியைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தப் பெட்டி ஓடுவது இரண்டு பற்றரிகளில், அவை தீர்ந்தால் வீடு குளிர்ந்துவிடும். நீண்ட விடுமுறையில் இருக்கும்போது அப்படி நேர்ந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கவும் கூடும். 2021 ஜனவரியில் பற்றரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கைச் சின்னம் இரண்டாவது தடவை மின்னியபோது, சுவருக்குள் சுருண்டு கிடந்த நீல வயரை சி என்ற இடத்தில் இணைத்து, ஃபேர்னஸிலிருந்தே மின்சாரம் எடுக்கத் துணிந்தேன். ஒரு நிமிட வேலைதானே என்று கீழே ஆளியை நிறுத்தவில்லை. நீல வயரின் நுனி ஆர் முனையைத் தொட்டது. ஒரு சிறு பொறி. பிறகு முழு நிசப்தம். ஃபேர்னஸின் மின்சுற்றுப் பலகையில் இருந்த 3 அம்பியர் உருகி (ஃபியூஸ்) போய்விட்டது. கார்களில் போடும் அதே ஊதா நிறத் தட்டை உருகிதான் அது என்பது எனக்கு அன்று தெரியாது. கார் உதிரிப்பாகக் கடை திறந்திருந்த நேரத்துக்குள் ஓடி அதை வாங்கி வருவதற்குள் வீடு 15 பாகைக்கு இறங்கியிருந்தது. இந்த வரலாற்றில் பெட்டியின் குற்றம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து பற்றரித் தொல்லையும் இல்லை.

சேமிப்பு எவ்வளவு என்று மைத்துனர் நிச்சயம் கேட்பார். நாளுக்கு 8 மணி நேரம் 7 முதல் 10 பாகை ஃபாரன்ஹீட் குறைத்துவைத்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நம் செல்சியஸ் அளவில் அது ஏறத்தாழ 4 முதல் 5.5 பாகை. நாங்கள் குறைப்பது 4. ஆனால் எங்கள் எரிவாயுப் பற்றுச்சீட்டைக் காட்டி நான் பெருமை பேசப் போவதில்லை; நிரலை ஒழுங்காக ஓடவிட்ட அதே ஆண்டில் கூரைக்கடியில் வெப்பக்காப்புப் பஞ்சும் போட்டோம், குறைந்த தொகையில் பெரும்பங்கு அந்தப் பஞ்சுக்கே உரியது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் பதில்: எட்டு ஆண்டில் ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை, வெப்பத்தை அரைப் பாகை பிசகாமல் நிறுத்துகிறது, நான் செய்த மூன்று பிழைகளையும் தாங்கிக்கொண்டது, மனைவிக்குப் பிடித்திருக்கிறது. வாங்க வேண்டாம். உங்கள் படுக்கையறை மாடியில் இருக்கிறது, அங்கே சத்தம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வட்டம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவில் படுக்கப் போகும்போது கையால் குறைத்துவிடுங்கள், காலையில் முதலில் எழுபவர் கூட்டிவிடட்டும்.

இதை அனுப்பி ஒரு மணி நேரத்துக்குள், என்னுடையதன் அதே மாதிரியை மலிவு விலையில் வாங்கிவிட்டதாக மைத்துனர் படம் அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் ஃபேர்னஸின் மூடியைத் திறந்து உருகியின் நிறத்தைப் பார்த்து, அதே அளவில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.