டாம்பாவில் ஒரு வீடு, மூன்று காப்பீட்டு பாலிசிகள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரின் வடபகுதியில், 1999-இல் கட்டப்பட்ட கான்கிரீட் பிளாக் வீடு ஒன்றை 2016-இல் வாங்கினோம். அந்த ஆண்டு வீட்டுக் காப்பீட்டுக்கு நாங்கள் கட்டிய பிரீமியம் 1,480 டாலர். 2021-இல் அது 2,260 ஆனது; 2024-இல் புதுப்பிக்க வந்த கடிதத்தில் 4,690 என்று இருந்தது. இடையில் மூன்று நிறுவனங்கள் கைமாறி, இரண்டு சூறாவளிகள் ஒரே பருவத்தில் வந்து போய், ஒருமுறை இழப்பீடும் கேட்டுப் பெற்றாயிற்று. ஃப்ளோரிடாவுக்கு வேலை மாற்றி வருபவர்கள் வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடத்தையும் வட்டி விகிதத்தையும் விசாரிக்கிற அளவுக்குக் காப்பீட்டை விசாரிப்பதில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. பிரீமியம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து பாலிசி வாங்கினால் ஏமாந்துபோவோம், பாலிசியின் முன்பக்கத்தில் உள்ள வேறு சில எண்கள்தான் இடி விழும் நாளில் நம்மைக் காப்பாற்றும் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்றது.

முதலில் ஏன் இந்த ஏற்றம் நம் கண்ணில் உடனே படுவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கடன் உள்ளவர்களுக்குப் பிரீமியத்தை வங்கியே எஸ்க்ரோ கணக்கிலிருந்து, அதாவது மாதத் தவணையோடு நம்மிடம் வாங்கிச் சேர்த்துவைக்கும் கணக்கிலிருந்து, கட்டிவிடுகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, பற்றாக்குறையையும் அடுத்த ஆண்டின் கூடுதலையும் சேர்த்து மாதத் தவணையை உயர்த்துகிறது. நிலையான வட்டிக்குத்தானே கடன் வாங்கினோம், தவணை ஏன் மாதம் 200 டாலருக்கு மேல் ஏறியது என்று திகைத்த பிறகுதான் நான் பாலிசித் தாள்களை எடுத்து வரிவரியாகப் படித்தேன்.

காரணங்கள் பழையவை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அதன் பிறகு பெரிய தேசிய நிறுவனங்கள் ஃப்ளோரிடாவில் தங்கள் பங்கைச் சுருக்கிக்கொள்ள, அந்த இடத்தைச் சிறிய மாநில அளவிலான நிறுவனங்கள் பிடித்தன. சொந்த முதல் குறைவு என்பதால் அவை மறுகாப்பீட்டை, அதாவது காப்பீட்டு நிறுவனங்களே வேறு நிறுவனங்களிடம் எடுக்கும் காப்பீட்டை, நம்பியே இயங்குகின்றன. அந்த மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 1 அன்று, சூறாவளிப் பருவம் தொடங்கும் அதே நாளில், புதுப்பிக்கப்படுகின்றன. உலகச் சந்தையில் மறுகாப்பீட்டு விலை ஏறினால், அது சில மாதங்களில் நம் வீட்டுத் தபால்பெட்டிக்கு வந்துவிடும். இதோடு வழக்குகளும் சேர்ந்தன: நாட்டின் வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட ஃப்ளோரிடாவில் இல்லாத காலத்தில், அது தொடர்பான வழக்குகளில் 70 சதவீதத்துக்கும் மேல் இங்கே நடந்தன. 2022 டிசம்பரில் வந்த சட்டம், வழக்கில் பாலிசிதாரர் வென்றால் காப்பீட்டு நிறுவனமே அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தையும் தர வேண்டும் என்ற பழைய விதியை நீக்கியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று கரையேறிய இயன் சூறாவளிக்கு அது காலம் கடந்தே வந்தது.

எங்கள் முதல் நிறுவனத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு ஆண்டுகள் பிரீமியம் வாங்கியது. நாங்கள் ஒருமுறைகூட இழப்பீடு கேட்கவில்லை. 2022 வசந்தத்தில், கூரைக்கு வயதாகிவிட்டதால் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது என்று கடிதம் வந்தது. இங்கே அப்படிப்பட்ட கடிதத்தை 120 நாட்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பது சட்டம், அந்த மட்டில் அவர்கள் முறையாகவே நடந்துகொண்டார்கள். 19,000 டாலர் செலவழித்துக் கூரையை மாற்றி, நகராட்சி அனுமதிச் சான்றையும் அனுப்பினோம். அதற்குள் அந்த நிறுவனம் எங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் பாலிசி எழுதுவதையே நிறுத்திவிட்டது. கூரையை மாற்றச் சொல்லித் தொலைபேசியில் பேசியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிற தனியார் நிறுவனங்கள் சொன்ன விலை 5,300 டாலர். எனவே 2022 ஆகஸ்டில் சிட்டிசன்ஸ் பிராப்பர்ட்டி இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனுக்குப் போனோம். இது 2002-இல் மாநிலச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட, வேறெங்கும் கிடைக்காதவர்களுக்கான கடைசிப் புகலிடம். எங்களுக்கு அங்கே 3,420 டாலர். விலை குறைவாக இருந்ததற்குக் காரணம், ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குச் சட்டத்திலேயே வரம்பு இருப்பது: சொந்தக் குடியிருப்புக்கு 2023-இல் 12 சதவீதம், 2024-இல் 13 சதவீதம், 2025-இல் 14 சதவீதம் என்று ஏறிச்செல்லும் வரம்பு. ஆனால் பெரிய சூறாவளியால் கையிருப்பு தீர்ந்தால் பாலிசிதாரர்களிடமே கூடுதல் தொகை வசூலிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2023 இலையுதிர்காலத்தில் அங்கே சுமார் 14 இலட்சம் பாலிசிகள் குவிந்திருந்தன. அவற்றைத் தனியாருக்குத் தள்ளிவிடுவதில் அரசு முனைப்பாக இருந்ததால் 2024 முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 10 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. அப்படி இறக்கிவிடப்பட்டவர்களில் நாங்களும் ஒருவர். தனியார் நிறுவனம் தரும் விலை, சிட்டிசன்ஸின் புதுப்பிப்பு விலையைவிட 20 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால் அங்கே தொடர்ந்து இருக்க முடியாது. எங்களுக்கு 4,180-க்கு எதிரே 4,690 வந்தது. வித்தியாசம் 12 சதவீதம்தான் என்பதால் மாறியே ஆக வேண்டியதாயிற்று.

அந்த 4,690 டாலரைக் குறைக்க முகவர் ஒரு வழியும் சொல்லவில்லை. வழி சொன்னது ஒரு நான்கு பக்கப் படிவம். காற்றுத் தாங்குதிறன் ஆய்வு, இங்கே எல்லோரும் விண்ட் மிட்டிகேஷன் என்று சொல்வது, வீட்டின் கூரை வடிவம், கூரைப் பலகையில் அடித்த ஆணிகளின் இடைவெளி, சுவருக்கும் கூரைச் சட்டத்துக்கும் உள்ள பிணைப்பு, சன்னல் கதவுகளின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்கிறது. அதன்படி பிரீமியத்தின் காற்றுச் சேதப் பகுதியில் தள்ளுபடி தருவது சட்டப்படி கட்டாயம். 2022-இல் கூரை மாற்றியபோது வந்த ஆய்வாளர், எங்கள் வீட்டில் கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைப்பது வெறும் கிளிப், அதாவது வலுக் குறைந்த உலோகப் பிணைப்பு, என்று குறித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டார். 2024-இல் 125 டாலர் கொடுத்து வேறொருவரை அழைத்தேன். அவர் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்கில் ஊர்ந்துபோய், கையுறையால் பஞ்சு போன்ற வெப்பத்தடுப்பை விலக்கி, டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவரிலிருந்து எழும் உலோகப் பட்டை மரச்சட்டத்தின் மேலேறி மறுபக்கம் மடிந்திருந்தது. முன்பக்கம் இரண்டு ஆணிகள், மடிந்த பக்கம் ஒன்று. மறைந்திருந்த அந்த மூன்றாவது ஆணிதான் கிளிப்புக்கும் ஒற்றைச் சுற்றுப் பட்டைக்கும் உள்ள வேறுபாடு. ஒவ்வொரு பட்டைக்கும் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுத்துப் படிவத்தோடு இணைத்தார். பிரீமியம் 4,690-லிருந்து 4,020-ஆக இறங்கியது. இந்த ஒன்பது ஆண்டுகளில் காப்பீட்டுக்காக நான் செலவிட்ட பணத்தில் மிகச் சிறந்த 125 டாலர் அதுவே. படிவம் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும் என்பதால், வீடு வாங்குபவர்கள் விற்பவரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் இணைத்த படங்கள் தெளிவாக இல்லையென்றால் மறு ஆய்வு செய்வதே நல்லது.

அடுத்தது சூறாவளி டிடக்டிபிள், அதாவது நிறுவனம் கொடுக்கத் தொடங்குமுன் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை. சாதாரண விபத்துக்கு எங்களுக்கு அது 1,000 டாலர். சூறாவளிக்கோ, வீட்டைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவாக பாலிசியில் குறித்துள்ள கவரேஜ் ஏ தொகையில் 2 சதவீதம். 2016-இல் எங்கள் கவரேஜ் ஏ 2,68,000 டாலர், 2024-இல் 4,12,000. கட்டுமானச் செலவு ஏற ஏறப் பிரீமியம் மட்டுமல்ல, நாம் சுமக்க வேண்டிய பங்கும் 5,360-லிருந்து 8,240 டாலராக ஏறிவிட்டது. இதை எந்தக் கடிதமும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் சூறாவளி எங்களைத் தாண்டி வடக்கே பிக் பெண்ட் பகுதியில் கரையேறியது. எங்கள் வீட்டில் கூரை விளிம்பின் அடிப்பலகை பிய்ந்து 1,900 டாலர் செலவானது. 8,240-க்கு மிகவும் கீழே என்பதால் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவே இல்லை. அடுத்த பதின்மூன்றாம் நாள், அக்டோபர் 9 இரவு, மில்டன் சூறாவளி எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. அன்றிரவுதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா மைதானத்தின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. எங்கள் வீட்டில் ஓக் மரக்கிளை ஒன்று முறிந்து கூரையைத் துளைத்து, படுக்கையறை உட்கூரை ஊறி இறங்கியது. சேதம் 9,600 டாலர். கழிக்க வேண்டியதைக் கழித்தால் எங்களுக்குக் கிடைப்பது 1,360 டாலர் மட்டுமே என்று நினைத்துச் சோர்ந்துபோயிருந்தோம்.

என் மனைவிதான் பாலிசியை மறுபடி படித்து, சூறாவளி டிடக்டிபிள் ஒவ்வொரு புயலுக்கும் தனித்தனியாக அல்ல, ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு ஒருமுறை என்பதைக் கண்டுபிடித்தாள். ஃப்ளோரிடா சட்டமும் அதையே சொல்கிறது: முதல் புயலில் செலவான தொகை, அது டிடக்டிபிளைவிடக் குறைவாக இருந்தாலும், பதிவோ ரசீதோ இருந்தால் அடுத்த புயலின் கணக்கில் கழியும். தச்சரிடம் ரசீதின் நகலை வாங்கி, தொலைபேசியில் இருந்த படங்களோடு அனுப்பினோம். நிறுவனம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. மீதி டிடக்டிபிள் 6,340 ஆகி, எங்களுக்கு 3,260 டாலர் வந்தது. இந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் கோரிக்கை பதிவுசெய்த முதல் அழைப்பிலேயே, இந்த ஆண்டு வேறு புயலில் சேதம் உண்டா என்று அவர்களாகவே கேட்டிருக்கலாம்.

சேவை என்று பார்த்தால், மதிப்பீட்டாளர் ஒன்பதாம் நாள் வந்தார், நிதானமாக அளந்தார். அலுவலகத்தில் எங்கள் கோப்பைக் கையாண்டவர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் அதே படங்களை மறுபடி அனுப்பினோம். முதல் மதிப்பீட்டில் உட்கூரைக்கு வர்ணம் பூசும் செலவு விடுபட்டிருந்தது, சுட்டிக்காட்டியதும் சேர்த்தார்கள். பணம் 47-ஆம் நாள் வந்தது. 60 நாட்களுக்குள் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்பது இப்போதைய சட்டம். இழப்பீடு கேட்பதற்கும் ஓராண்டுதான் கெடு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2025 புதுப்பிப்பின்போது 5 சதவீத டிடக்டிபிளுக்கு மாறினால் ஆண்டுக்கு 610 டாலர் மிச்சம் என்று முகவர் பரிந்துரைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எங்கள் பங்கு 8,240-லிருந்து 20,600 ஆகும், கூடுதல் சுமையான 12,360 டாலரை அந்த மிச்சத்தால் ஈடுகட்ட இருபது ஆண்டுகள் புயலே வராமல் இருக்க வேண்டும். மறுத்துவிட்டேன். கூரைக்கான இழப்பீடு வயதுத் தேய்மானம் கழித்த மதிப்பிலா, புதிதாக மாற்றும் செலவிலா என்ற வரியையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கினேன். மலிவான பாலிசிகள் பல, இந்த வரியில்தான் மலிவாகின்றன.

வெள்ளம் இவற்றில் எதிலும் அடங்காது. கடலலை ஏறி வந்தாலும் ஆறு பெருகி வந்தாலும் அது தனி பாலிசி. 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலரும் உடைமைகளுக்கு 1,00,000 டாலரும் உச்சவரம்பு. பொதுவாக வாங்கி 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால் புயல் செய்தி கேட்டபின் வாங்கிப் பயனில்லை. வெள்ள அபாயம் குறைவு என்பதால் வங்கி கட்டாயப்படுத்தாத எக்ஸ் மண்டலத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. இருந்தும் ஆண்டுக்கு 640 டாலர் கட்டுகிறோம். மில்டனுக்குப் பிறகு ஹில்ஸ்பரோ ஆறு பெருகி, எங்கள் குடியிருப்புக்கு அருகேயுள்ள சாலை வரை தண்ணீர் நின்றதைப் பார்த்தபின் அந்தத் தொகை எங்களுக்குக் கனக்கவில்லை.

இப்போதைய நிறுவனத்திலேயே 3,960 டாலருக்குப் புதுப்பித்திருக்கிறோம். விலை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள், ரசீதை ஏற்றார்கள், கூரை முழு மாற்றுச் செலவில் இருக்கிறது. அடுத்து எல்லாச் சன்னல்களுக்கும் ஷட்டர் போட 11,800 டாலர் கேட்கிறார்கள். ஒரு சன்னல் விடுபட்டாலும் அந்தத் தள்ளுபடி கிடைக்காது. நாம் 1 டாலர் போட்டால் 2 டாலர் தந்து 10,000 டாலர் வரை உதவும் மாநில அரசின் மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம் திட்டத்தில் விண்ணப்பம் திறக்கக் காத்திருக்கிறோம். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அடுத்த ஜூன் 1-க்குள் கராஜ் கதவை மட்டுமாவது மாற்றிவிடப் போகிறோம். அது பிய்ந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும் என்று அட்டிக்கிலிருந்து இறங்கும்போது அந்த ஆய்வாளர் சொல்லிப்போனார்.