மாட்டுக் காதில் டேக், நம் காதில் பூ: 23,400 ரூபாய் போச்சு

மாடு வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது உள்ளே சில்லு (சிப்) வைத்த எலக்ட்ரானிக் காது டேக்கும் அதைப் படிக்கிற ரீடரும் வாங்கலாம் என்ற யோசனையில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு 23,400 ரூபாய் போயிருக்கிறது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ரீடரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகப்போகிறேன். மொத்த வியாபாரிகளையும் நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துவைக்கிற ஒரு ஆன்லைன் சந்தை, அதில் பண்ணைச் சாமான் விற்கும் ஒரு கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

நாங்கள் செக்கானூரணிப் பக்கம். கறவை, கிடேரி, கன்று எல்லாம் சேர்த்துப் பதினெட்டு உருப்படி. பாதிக்கு மேல் ஜெர்சி கலப்பு. அம்மா முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், கறக்க வரும் ஆளுக்கோ எல்லாமே செவலைதான். எதற்குச் சினை ஊசி போட்டது, எதற்குக் கோமாரித் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது, பாதிப் பக்கம் சாணி. மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பால் தெரியாமல் சொசைட்டி கேனில் கலந்துவிடக் கூடாது, அதுதான் பெரிய கவலை. ரீடரைக் காதருகே காட்டினால் இன்ன மாடு, இன்ன மருந்து என்று போனில் வந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

விசாரணை போட்டதும் அந்தக் கடைப் பையன் கூப்பிட்டான். "வணக்கம்ணே, மதுரையா? எங்க சித்தப்பா வீடு ஒத்தக்கடைதாண்ணே." வீடியோ காலுக்கு வந்தான். கொட்டத்தைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் கேட்டான். ஒரு கிடேரியைப் பார்த்து, "இதுக்கு இன்னும் கொம்பு சுடலையாண்ணே?" என்றான். மாடு தெரிந்தவன் பேச்சு. அப்புறம் மேஜையிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்தான். நம் மாடுகளுக்கு அரசாங்கம் போட்டிருக்கிறதே, பன்னிரண்டு இலக்க நம்பரும் பார்கோடும் அச்சடித்த காதுவில்லை, அச்சு அசல் அதேதான். ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனான். பீப். பச்சை விளக்கு. போனில் ஒரு மாட்டின் பக்கம் திறந்தது.

நான் சும்மா தலையாட்டவில்லை. மாட்டுச் சில்லுக்கென்று இருக்கிற சர்வதேசத் தர எண்களையும் ரேடியோ அலைவரிசையையும் தெரிந்துவைத்திருந்தேன். "தம்பி, இது ஐஎஸ்ஓ 11784, 11785 ரெண்டுக்கும் உட்பட்டதா? 134.2 கிலோஹெர்ட்ஸா?" என்று கேட்டேன். "நூத்துக்கு நூறுண்ணே" என்றான். எழுதித் தரச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினான்: "ஐஎஸ்ஓ ஒரிஜினல், கவர்மெண்ட் டேக்கும் படிக்கும்." இதற்கெல்லாம் மேலே ஒன்று சொன்னான் பாருங்கள்: "அவசரமே இல்லண்ணே, வீட்டுல கலந்து பேசிட்டு மெதுவா சொல்லுங்க." விற்க வந்தவன் அவசரப்படுத்தாமல் விட்டால் யோக்கியன் என்றுதானே நினைப்போம். வீட்டில் அவளும், "பையன் மரியாதையாப் பேசுறான், வாங்குங்க" என்றாள்.

ரீடர் 16,500. டேக் 25, ஒன்று 180 வீதம் 4,500. டேக் அடிக்கிற இடுக்கி 1,600. ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா 800. ஆக மொத்தம் 23,400 ரூபாய். பால் லிட்டர் 38 ரூபாய் என்று வைத்தாலும் அறுநூறு லிட்டருக்கு மேல் கறந்தால்தான் அந்தப் பணம்.

சாமான் வந்தது, டேக்கும் அடித்தோம். காதின் நடுவில், இரண்டு நரம்புத் தடிப்புகளுக்கு இடையில்தான் அடிக்க வேண்டும். அப்படித்தான் அடித்தோம். ஆணி முனை மொண்ணை பிளாஸ்டிக். துளைக்காமல் கிழித்தது. இரண்டு கிடேரிகளுக்குக் காது வீங்கி ஈ மொய்த்து, வேப்பெண்ணெய் போட்டுப் போட்டு ஆற்றினோம். அதையும் பொறுத்துக்கொண்டோம், ரீடர்தான் பீப் பீப் என்று படிக்கிறதே!

பிறகு ஒருநாள் சிவப்பியின் காதில் காட்டினால் ராணியின் பக்கம் திறக்கிறது. திரும்பக் காட்டினால் திரும்பவும் ராணி. இரண்டு டேக்குக்கும் ஒரே நம்பர்! சினை ஊசி போட்டது சிவப்பிக்கு, ஆப்பில் சினைப் பரிசோதனைத் தேதி ராணிக்கு. எதற்காகக் காசு கொடுத்தோமோ அதிலேயே மண்.

சினை ஊசி போட வந்த கால்நடை ஆய்வாளரிடம் சொன்னபோது, அரசாங்க டேக்கில் ரீடரை வைக்கச் சொன்னார். சத்தமே இல்லை. "அதுல சில்லு ஏதுங்க? வெறும் பிளாஸ்டிக், மேல நம்பரும் பார்கோடும். போன் கேமராவுல படிக்கலாம், ரேடியோவுல எப்படிப் படிக்கும்?" என்றார். அப்படியென்றால் வீடியோவில் பீப் அடித்தது எது? மஞ்சள் டேக்குக்குப் பின்னால் விரலிடுக்கில் வேறு சில்லை மறைத்து வைத்திருக்கிறான். வேறு வழியே இல்லை.

ரீடரை டவுன்ஹால் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிற பையனிடம் கொண்டுபோனேன். பின்பக்கம் பசுமாட்டுப் படம் போட்ட ஸ்டிக்கர். அவன் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி இழுத்தான். அடியில் இன்னொரு லேபிள், அதில் ஒரு கதவுப் படம், "125 கிலோஹெர்ட்ஸ்" என்று அச்சு. "அண்ணே, ஆபீஸ் கதவுல கார்டு காட்டுனா திறக்கும்ல, அந்தக் கார்டு படிக்கிற மெஷின். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்" என்றான். கதவு மெஷினை மாட்டு மெஷின் என்று 16,500க்கு விற்றிருக்கிறான்!

அன்றே கூப்பிட்டேன். முதலில் "சார்ஜ் ஃபுல்லா போட்டீங்களாண்ணே?" என்றான். அப்புறம் "கொட்டத்துல இரும்புக் கம்பி இருக்கும், அதான் தொந்தரவு." அப்புறம் "சாஃப்ட்வேர் அப்டேட் வருதுண்ணே, ஒரு வாரம்." ஸ்டிக்கரை உரித்த போட்டோவை அனுப்பியதும் அண்ணன் சார் ஆகிவிட்டார். "சார், ஐஎஸ்ஓன்னா எங்க கம்பெனி ஐஎஸ்ஓ 9001 சார்." கம்பெனி நிர்வாகத்துக்குக் கொடுக்கிற சான்றிதழுக்கும் மாட்டுச் சில்லுக்கும் என்னடா சம்பந்தம்? கேட்டேன். பிளாக் செய்துவிட்டான். ஒத்தக்கடைச் சித்தப்பாவும் அதோடு போய்ச் சேர்ந்தார்.

சந்தைக்காரர்கள் அதற்கும் மேல். புகார் கொடுத்தவுடன் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நம்பர் ஒன்று வந்தது. பிறகு, டெலிவரி ஆன ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். வாட்ஸ்அப் உறுதிமொழியைக் காட்டினால், அது எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பேச்சு என்றார்கள். பொருள் விவரத்தில் "ஆர்எஃப்ஐடி ரீடர்" (ரேடியோவில் சில்லைப் படிக்கிற எந்த மெஷினுக்கும் அதுதான் பெயர்) என்று இருந்தது, ஆர்எஃப்ஐடி ரீடர்தானே வந்தது என்று ஒரு அம்மா போனில் விளக்கம் கொடுத்தார். உச்சக்கட்டம் இது: டேக்குகளைப் பயன்படுத்தாமல், பாக்கெட் பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். மாட்டுக் காதில் துளை போட்டு அடித்ததை வெட்டித்தான் எடுக்க முடியும் என்று சொன்னால், "புரிகிறது சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" 23,400 ரூபாய்க்குக் கிடைத்த உதவி அதுதான்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் போடுகிறேன்.

கால்நடைக்கு 134.2 கிலோஹெர்ட்ஸ்தான். எஃப்டிஎக்ஸ்-பி, எச்டிஎக்ஸ் என்று சில்லில் இரண்டு வகை உண்டு, ரீடர் இரண்டையும் படிக்க வேண்டும். திரையில் பதினைந்து இலக்கம் வர வேண்டும். முதல் மூன்று இலக்கம் இந்தியாவுக்கு 356, இல்லையென்றால் 9ல் தொடங்குகிற தயாரிப்பாளர் எண். பத்து இலக்கம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குப் பத்துதான் வந்தது.

அவன் டேக்கை அவன் ரீடர் படிப்பது சோதனையே அல்ல. வேறு இடத்தில் வாங்கிய ஐஎஸ்ஓ டேக் ஒன்றைக் கொண்டுபோய் நேரில் வைத்துப் பாருங்கள். வீடியோவை நம்பாதீர்கள். "உங்க போனே படிக்கும்" என்பவனையும் நம்பாதீர்கள். போனில் இருக்கிற என்எஃப்சி (பக்கத்தில் வைத்தால் சில்லைப் படிக்கிற வசதி) 13.56 மெகாஹெர்ட்ஸ், அது இந்தச் சில்லைப் படிக்காது. பத்து மீட்டர் தள்ளி நின்று படிக்கும் என்பதும் புளுகு. கையடக்க ரீடரைக் காதுக்கு அருகில்தான் கொண்டுபோக வேண்டும்.

என்னைக் கேட்டால், இருபது மாட்டுக்குள் இருந்தால் அரசாங்கக் காதுவில்லையும் போன் கேமராவும் ஒரு நோட்டும் போதும். புது டேக் போடுகிறோம் என்று அரசாங்க டேக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள், இன்சூரன்ஸ் கேட்கும்போது அதுதான் வேண்டும்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில், சாட், உரித்த ஸ்டிக்கர் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. தளத்தின் பக்கத்தில் நான் கமெண்ட் போட்ட கையோடு "கஸ்டமர் கேர் பேசுறோம், 23,400 ரீஃபண்ட் தயார், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று ஒருவன் கூப்பிட்டான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அவன் வேறு திருடன். அந்த மாதிரி யாராவது கூப்பிட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.