கட்டிய கவரா, பேப்பர் பையா, வேக்யூம் பையா? பூசணம் எதில் சீக்கிரம் பிடிக்கும்?

கவர் வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் பூசணம் வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. பூசணம் வெளியிலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை. பிரெட்டையே எடுத்துக்கொள்வோம். அடுப்புச் சூட்டில் பூஞ்சை வித்துகள் செத்துவிடும். ஆறவைக்கும்போதும் துண்டு போடும்போதும் காற்றில் மிதக்கும் புது வித்துகள் வந்து உட்காரும். பிரெட்டோடு அவையும் கவருக்குள் போகின்றன. அப்புறம் ஈரமும் காற்றும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கணக்கில் சாதா பாலித்தீன் கவர்தான் மோசம். நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனை அந்த அளவுக்குத் தடுக்காது. போதாததற்கு, கட்டும்போதே காற்றையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சூடு ஆறாத பிரெட்டையோ சப்பாத்தியையோ கட்டினால் உள்பக்கம் வியர்த்து, அந்த நீர் திரும்ப உணவின் மேலேயே இறங்கும். பச்சை, நீலப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் பெனிசிலியம் என்ற பூஞ்சை. வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து கறுப்புப் பொட்டு வைத்தால் ரைசோபஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். கடை பிரெட் இதே கவரில் சில நாள் தாங்குகிறதே என்றால், பாராட்டு கவருக்கு இல்லை, பூசணத்தைத் தடுக்க மாவில் சேர்க்கிற கால்சியம் புரோப்பியோனேட் என்ற உப்புக்கு.

பேப்பர் பையில் ஈரம் வெளியேறும், பூசணம் தள்ளிப்போகும். ஆனால் பிரெட் வறட்டியாகிவிடும். காளானுக்கு மட்டும் யோசிக்காமல் பேப்பர்தான்.

வேக்யூம் பை ஆக்சிஜனைப் பறிப்பதால் பெரும்பாலான பூஞ்சைகள் அடங்கிவிடும். விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. காற்று வேண்டாத கூட்டம் ஒன்று இருக்கிறதே! இட்லி மாவு பாக்கெட் உப்புவது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் விடும் வாயுவால். அது நமக்கு வேண்டிய வேலைதான். ஆபத்தானது குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா. மண்ணிலிருந்து வரும் அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத உணவில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். புளிப்பு ஏறி, அதை அளக்கும் பிஎச் 4.6-க்குக் கீழே இறங்கினால் வளராது. சமைத்த கிழங்கையோ பருப்பையோ வேக்யூம் செய்து அலமாரியில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாள் கணக்கில் இழுக்கக் கூடாது. அந்தப் பாக்டீரியாவில் சில வகைகள் குளிரிலும் மெதுவாக வளரும். பூசணமாவது கண்ணில் படும். இந்த நஞ்சு நிறமோ வாடையோ காட்டாமலும் இருக்கலாம்.

காய்ந்த பொருளுக்குத் தீர்ப்பு தலைகீழ். உணவில் நுண்ணுயிருக்குக் கிடைக்கும் நீரை 0 முதல் 1 வரை அளப்பார்கள். பிரெட் 0.95-ஐ ஒட்டி வரும், 0.6-க்குக் கீழே எதுவும் பெருகாது. நன்றாகக் காய்ந்த பருப்பைக் காற்றுப் புகாமல் அடைத்தால் வண்டுகூட மிஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு ஓய்ந்துபோகும். மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறு சேமிக்கும் மூன்றடுக்குப் பைகள் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அரைகுறையாகக் காய்ந்த வேர்க்கடலையை மட்டும் சாதா கவரில் கட்டாதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பிரெட்டுக்கு என் ஓட்டு நான்காவதற்கு: துண்டுகளாக ஃப்ரீசரில். அங்கே பூசணம் வளராது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூசணம் தாமதமாகும், பிரெட் மட்டும் சீக்கிரம் விறைத்துவிடும்.