கல்யாண முருங்கையில் ஒரு கெண்டை: லூர் தயாரிப்பில் நான்கு ஆண்டுகள்

650 ரூபாய் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு லூர் ஒன்று, அதாவது தூண்டிலில் கட்டி வீசும் பொய்யிரை, மூன்றாவது வீச்சிலேயே கொள்ளிடக் கரையின் கருவேல வேரில் சிக்கி அறுந்தது. அந்த ஆத்திரத்தில்தான் இந்த வேலை தொடங்கியது. கட்டையைச் செதுக்கி, கம்பி கோத்து, வண்ணம் பூசி, மீன் போலத் தோன்றும் பொய்யிரையை நாமே செய்துகொண்டால் என்ன என்று நினைத்தேன். நான்கு ஆண்டுகளில் 62 செய்திருக்கிறேன். 41 பெட்டியில் இருக்கின்றன. மற்றவற்றில் சில செய்யும்போதே வீணாயின, மீதியை ஆறும் ஏரியும் வாங்கிக்கொண்டன.

முதலில் பால்சா கட்டை வரவழைத்தேன். வெண்ணெய் போலச் செதுக்க வரும். ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம் அது. விரால் ஒருமுறை கவ்வினால் பல் தடத்தை எண்ணிவிடலாம். நெட்டியையும் முயன்றேன். தக்கை செய்ய அதற்கு நிகரில்லை, லூருக்கு உதவாது. கடைசியில் விடை எங்கள் ஊர் வேலியிலேயே நின்றுகொண்டிருந்தது. சளி பிடித்தால் அம்மா இலை பறித்து அடை தட்டுவாரே, அந்தக் கல்யாண முருங்கைதான். எடை குறைவு, பால்சாவைவிட உறுதி, காசு இல்லை. வெட்டியவுடன் பட்டையை உரித்து நிழலில் காயவிட வேண்டும். அப்படியே போட்டுவைத்தால் நீலம் பாய்ந்து பூச்சி துளைத்துவிடும். நான் இரண்டு மாதம் காயவிடுகிறேன்.

செதுக்குவது சுலபம். அட்டையில் மீன் வடிவத்தை வெட்டி, கட்டையின் மேல் வைத்து வரைந்து, வாளால் அறுத்து, கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் கைக்குள் ஒரு கெண்டை இருக்கும். தொல்லை அதற்குப் பிறகுதான்.

முதல் பத்து லூர்களில் கண்ணி ஆணி என்னும் திருகாணியைத் தலையிலும் வாலிலும் முறுக்கி, அதில் மூன்று முள் கொக்கியை மாட்டினேன். நேர்த்தியாகத்தான் இருந்தது. ஒரு ஆடி மாதம், புதுத் தண்ணீரில் இரண்டு கிலோ தேறும் விரால் ஒன்று கவ்வி இரண்டு முறை தலையை உதறியது. தங்கூசி என்னும் தூண்டில் நரம்பு அறுபடவில்லை, கொக்கி வளையவில்லை. மரத்திலிருந்து திருகாணி மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இரும்பை வாயில் வைத்துக்கொண்டு அந்த மீன் எத்தனை நாள் திரிந்ததோ, இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒரே எவர்சில்வர் கம்பிதான், 1 மில்லிமீட்டர் கனம். வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு பிளவு அறுத்து, மூக்கிலிருந்து வால் வரை கம்பியை உள்ளே ஓடவிட்டு, இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பசையால் அடைத்துவிடுகிறேன். மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். மீன் கழலாமல் தடுக்கும் கொக்கியின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். சில மீன்கள் தப்பிப்போகின்றன, போகட்டும்.

பிளவை அடைப்பதற்கு முன் ஈயம் வைக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடி இதுதான் என்பது புரிய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. 9 சென்டிமீட்டர் நீளமுள்ள என் வழக்கமான கெண்டை ஏறத்தாழ 14 கிராம் தண்ணீரை விலக்கும். கட்டை, கம்பி, கொக்கி, பூச்சு எல்லாம் சேர்ந்து 9 கிராம் வரும். மீதியில் 3 கிராம் ஈயம் வைத்தால் முதுகு மட்டும் வெளியே தெரிய மிதக்கும். ஈயம் வயிற்றின் அடியில், நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மேலே ஏறினால் லூர் மல்லாந்துவிடும், பின்னால் போனால் வால் தொங்கும். வண்ணம் பூசும் முன்பே கொக்கிகளை மாட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வண்ணம் பூசிய பிறகு பார்த்து நான் எறிந்தவை ஏழு. ஈயத்தை வீட்டில் உருக்க வேண்டாம், புகை நஞ்சு. கடையில் விற்கும் தூண்டில் ஈயக்குண்டே போதும்.

தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுதான் லூரை ஆட்டுகிறது. பழைய சிடியை வெந்நீரில் போட்டு எடுத்துக் கத்தரித்தால் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கிடைத்துவிடும். திருமண வீடியோ சிடி ஒன்று அப்படிப் போனதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது. தகடு உடலோடு நேராக நீண்டிருந்தால் லூர் ஆழம் போகும். செங்குத்தாக இறங்கியிருந்தால் மேலாகவே அகலமாக ஆடிக்கொண்டு வரும். இரண்டடித் தண்ணீருள்ள ஏரிகளுக்கு இரண்டாவதுதான் சரி. தகடு செருகும் பிளவு ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் லூர் ஒருபக்கமாக ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக, மூக்கில் தங்கூசி கட்டும் வளையத்தை மயிரிழை அளவு வளைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

இனி வண்ணம். முதல் லூருக்கு மனைவியின் நகப்பூச்சு, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், கண்ணுக்கு இரண்டு ஒட்டுப்பொட்டு. பார்க்கச் சகிக்காது. பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936இல் செய்த முதல் லூரும் பெரிய அலங்காரம் இல்லாததுதான். கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசியிருந்தார். அடிபட்ட சிறுமீனின் தள்ளாட்டத்தைக் கட்டையில் கொண்டுவருவதுதான் அவருடைய கவலை. எனக்கு அந்த நிதானம் இல்லை. இரண்டாம் ஆண்டில், வண்ணத்தைக் காற்றால் ஊதிப் பூசும் 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள ஏர்பிரஷும் சிறிய கம்ப்ரசரும் வாங்கினேன், 5,500 ரூபாய்.

வாங்கியதற்கு வருந்தவில்லை. வெள்ளை அடிப்பூச்சின் மேல் முத்து வெள்ளி, அதன் மேல் பூண்டு வரும் வலைப்பையை இறுக்கிக் கட்டி முதுகில் கரும்பச்சையை ஊதிவிட்டு, வலையை உரிக்கும்போது செதில் செதிலாக ஒரு மீன் எழுந்து வருமே, அந்த ஒரு நிமிடத்துக்காகவே பல இரவுகள் விழித்திருக்கிறேன். அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் முனை அடைத்துக்கொள்ளும். மார்க்கர் பேனாவால் கோடு போடாதீர்கள். எபாக்சி மேலே பட்டதும் மை அழுத கண்ணாகிவிடும்.

நீர் புகாமல் காப்பது தனிப் பாடம். மரத்துக்கு நேராக வண்ணம் பூசிய என் முதல் தொகுப்பில் பெரும்பாலானவை ஊறி உப்பி வெடித்தன. இப்போது மரத்தின் நுண்துளைகளை அடைக்கத் தச்சர்கள் பூசும் சாண்டிங் சீலரை நீர்க்கக் கரைத்து மூன்று முறை முக்கி எடுக்கிறேன். எல்லாத் துளைகளையும் அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

மேல்பூச்சுக்கு இருபாக எபாக்சி. கண்ணளவில் கலந்த காலத்தில் வாரக்கணக்கில் பிசுபிசுத்தது. தராசில் சம எடை வைத்தும் தவறினேன். சமம் என்று டப்பா சொல்வது கன அளவில், எடையில் அல்ல. இரண்டு ஊசிக் குழல்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. பூசியபின் வழியாமல் இருக்க லூர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பழுதான மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய தட்டு மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றுகிறது, அதுவே போதும். சித்திரை வெயிலில் அரைமணி எபாக்சி கால்மணியில் இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றுப் பட்டு மேலே எண்ணெய்ப் படலம் போலப் பால்நிறம் படியும். அந்த இரண்டு மாதமும் நான் செதுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னொன்று, தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு லூரைத் தொட்டால் அந்த இடத்தில் எபாக்சி ஒட்டாமல் வட்டமாக விலகி நிற்கும். அந்தக் குறைக்குப் பெயரே மீன்கண். மூன்று மாதம் டப்பாவைத் திட்டித் தீர்த்த பிறகுதான் காரணம் என் தலை என்று தெரிந்தது.

பணம் மிச்சமாகும் என்று எண்ணித் தொடங்குகிறவர்களுக்கு என் கணக்கு இது. நான்கு ஆண்டுகளில் கருவி, கொக்கி, வண்ணம், எபாக்சி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். ஒரு லூருக்கு 225 ரூபாய்க்கு மேல், என் கூலி சேராமல். சுமாரான ஆலை லூர் அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

மீன் எப்படிக் கிடைத்தது என்றால், அங்கேதான் எனக்கு மூக்குடைந்தது. செதில், செவுள் சிவப்பு, துடுப்புக் கோடு எல்லாம் வைத்து ஏழு இரவு பூசிய சிலேப்பி ஒன்றை எடுத்துப்போன அன்று, பக்கத்தில் மண்புழுவோடு அமர்ந்திருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன தம்பி, இதை மீனுக்குக் காட்டப்போகிறீர்களா, கொலுவில் வைக்கப்போகிறீர்களா?” என்றார். அன்று அது ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் ஏழு கெளுத்தி பிடித்தார். சிலேப்பி இன்றுவரை இரண்டு குரவையோடு நிற்கிறது. நகப்பூச்சுக் கெண்டையோ மூன்று முறை மேல்பூச்சு உரிந்து, ஒரு பொட்டு விழுந்து ஒற்றைக் கண்ணோடு, பதினாறு விரால்களையும் ஒரு வாளையையும் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. அதன் ஈயம் தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்துவிட்டது. மெதுவாக இழுத்தாலும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும். கலங்கல் தண்ணீரில் விரால் பார்ப்பது அந்த ஆட்டத்தையும் கருநிழலையும்தான்; நான் ஊதிய செதிலை எண்ண அதற்கு நேரமில்லை.

ஆகவே ஏர்பிரஷ் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம், முதல் இருபது லூர்களை ஒரே கறுப்பிலோ மஞ்சளிலோ தூரிகையால் பூசுங்கள் என்கிறேன். நேராக நீந்தும் லூரை ஐந்து முறை தொடர்ந்து செய்ய முடிந்த பிறகு வாங்குங்கள். நான் மட்டும் இன்னும் செதில் ஊதிக்கொண்டிருக்கிறேன். அது மீனுக்காக அல்ல என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஏரிக்குப் போவதானால் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மினுங்கும் இடத்தில் லூரை எறியாதீர்கள். கீழே காவல் நிற்கும் விரால் பசியால் அல்ல, கோபத்தால் கவ்வும். அதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகள் மாலைக்குள் மற்ற மீன்களுக்கு இரை.

நடுவில் கண்ணி வைத்து இரண்டு துண்டாக ஆடும் லூர் ஒன்றைச் செய்யத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாவது முறையாக ஈயம் மாற்றியிருக்கிறேன். இன்று காலையும் வாளியில் மல்லாந்துதான் கிடந்தது.