ஹோட்டன் சமவெளிச் சேற்றில் பழைய மழையைத் தேட: முழுச்சேற்றுக் காபனா, இலைமெழுகா?

இலங்கை மலையகத்தின் ஹோட்டன் சமவெளியில், 2100 மீற்றருக்கு மேலே, நீர் தேங்கும் பள்ளங்களில் முற்றாநிலக்கரி படிந்திருக்கிறது. பீட் என்றால் பலருக்கும் புரியும். அதிலுள்ள மகரந்தத்தைக் கொண்டு ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றைப் பிரேமதிலக்க, ரிஸ்பேர்க் என்ற ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். ஆனால் புல்லின் மகரந்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம். பத்தனை எனும் மலைப் புல்வெளியில் வளரும் அருண்டினெல்லா, கிரைசோபோகன் போன்ற புற்கள் சி4 வகை; சி3, சி4 என்பவை ஒளித்தொகுப்பின் இரு வழிகள். மரங்கள் சி3, வறண்ட காலத்தில் பொதுவாகப் பரவுவது சி4 புல். ஓடைக்கரைக் குட்டை மூங்கிலும் புல்தான், ஆனால் சி3. இந்த வேறுபாட்டைக் காட்டுவது காபன் சமதானி, அதாவது பாரமான காபனுக்கும் இலேசான காபனுக்கும் உள்ள விகிதம். அதை முழுச்சேற்றிலும் அளக்கலாம், சேற்றிலிருந்து பிரித்த இலைமெழுகிலும் அளக்கலாம். மெழுகிலேயே ஐதரசனின் சமதானியையும் அளக்கலாம்.

முழுச்சேற்று அளவீடு மலிவானது, வேகமானது. உலர்த்தி, வேரிழைகளைப் பொறுக்கி எடுத்து, நன்றாக அரைத்து, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக வெள்ளீயக் கிண்ணத்தில் மடித்து எரித்தால் போதும். பாரமான சமதானி ஒரு நியமத்தை விட எவ்வளவு குறைவு என்பதை ஆயிரத்தில் பங்காக (‰) எழுதுவார்கள்: சி3 தாவரங்கள் சுமார் −27‰, சி4 சுமார் −13‰. நீலகிரிப் பீட்டில் 1993இல் சுகுமார் குழுவினர் இந்த வழியில்தான் போனார்கள். சிக்கல் என்னவென்றால், சேற்றின் பெரும்பகுதி அந்தச் சதுப்பிலேயே வளர்ந்து மடிந்த கோரையும் பாசியும். கோரையில் சி3யும் உண்டு, சி4யும் உண்டு. ஆகவே கிடைக்கும் எண் பள்ளத்தின் கதையைச் சொல்கிறதா, சுற்றியுள்ள மலைச்சரிவின் கதையைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. உக்கும்போதும் ஓரிரு ‰ நகரும்.

இலைமெழுகு இந்தக் கலப்பைப் பெருமளவு பிரித்துத் தருகிறது. நிலத்தாவர மெழுகில் 27, 29, 31, 33 காபன் அணுக்கள் கொண்ட ஒற்றைப்படை அல்கேன்கள் (காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்ட நீள்சங்கிலிகள்) மிகுதி. சதுப்புப்பாசியிலும் நீர்த்தாவரங்களிலும் 23, 25 மிகுதி. கருவி வரையும் வரைபடத்தில் 29, 31 காபன் அல்கேன்களின் சிகரங்களை மட்டும் எடுத்தால் சரிவின் குரல் தெளிவாகக் கேட்கும். மெழுகு, முழு இலையை விட 5 முதல் 10‰ வரை கூடுதல் எதிர்மறையாக இருக்கும்: சி3 மெழுகு −35‰ அளவில், சி4 மெழுகு −21‰ அளவில். −28‰ வந்தால் மெழுகில் பாதி சி4 புல்லினது என்று கொள்ளலாம். மெழுகில் பாதி என்பது நிலப்பரப்பில் பாதி என்று ஆகாது. மெழுகை அதிகம் சுரக்கும் செடிதான் அதிகம் தெரியும்.

செய்முறை இப்படி. உறைநிலையில் உலர்த்திய பீட் ஒன்று முதல் மூன்று கிராம். இருகுளோரோமெதேன், மெதனோல் 9:1 கலவையில் கரைத்தெடுத்தல். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பி எக்சேனால் அல்கேன்களை முதலில் இறக்குதல். சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் காஸ் குரோமடோகிராப்பில் சோதனை. இங்கே ஒற்றைப்படை அல்கேனுக்கும் இரட்டைப்படை அல்கேனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். நல்ல இலைமெழுகில் அது 5க்கு மேலும் போகும். 1ஐ நெருங்கினால் பெற்றோலிய எண்ணெய் ஏதாவது கலந்திருக்கலாம். மாதிரியை, சூளையில் சுட்டெடுத்த அலுமினியத் தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் நேரடியாகப் போடாதீர்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 450 பாகையில் சுட்டெடுங்கள்.

அல்கேனுக்குப் பதிலாக மெழுகின் கொழுப்பமிலங்களை அளப்போரும் உண்டு. எண்ணெய்க் கசிவு உள்ள இடங்களில் அவைதான் பாதுகாப்பு, ஏனென்றால் பெற்றோலியத்தில் நீண்ட இரட்டைப்படைக் கொழுப்பமிலம் இல்லை எனலாம். ஆனால் அவற்றை மெதனோலால் எஸ்டராக்க வேண்டும். அப்போது சேரும் காபனையும் ஐதரசனையும் கணக்கில் கழிக்க வேண்டும். அந்த மெதனோலின் சமதானி அளவும் தெரிந்திருக்க வேண்டும். தூய்மையாக எடுத்த ஹோட்டன் பீட்டுக்கு அல்கேனே போதும்.

ஐதரசன்தான் மழைக்கு மிக அருகில் நிற்கிறது, ஏமாற்றுவதும் அதுதான். கனமழை பெய்யும் வெப்பமண்டலத்தில் மழைநீரில் டியூற்றீரியம் எனும் பாரமான ஐதரசன் குறையும், மெழுகிலும் குறையும். ஆனால் மழைநீரை மெழுகாக்கும்போது இலை கழித்துவிடும் டியூற்றீரியத்தின் அளவு தாவரத்துக்குத் தாவரம் மாறுகிறது: இருவித்திலை மரங்களில் சராசரி −113‰, சி4 புற்களில் சுமார் −134‰. மழைநீர் −40‰ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். காட்டு மெழுகு −148‰, புல்வெளி மெழுகு −169‰. மழை ஒரு துளி மாறாமலே 20‰ இறங்கிவிட்டது! காடு சுருங்கிப் புல் பரவிய வறண்ட காலத்தை, மழை கூடிய காலம் என்று தலைகீழாக வாசிக்கும் ஆபத்து இதுதான். அதே சிகரத்தின் காபன் அளவால் புல்லின் பங்கைக் கண்டு திருத்திய பிறகே ஐதரசனை நம்பலாம்.

மலையகத்துக்கே உரிய இரண்டு இடர்களும் இருக்கின்றன. ஒன்று மூடுபனி: மேகக்காட்டில் இலையும் வேரும் பனிநீரையும் குடிக்கின்றன, பனிநீர் பொதுவாக மழைநீரை விட டியூற்றீரியம் மிகுந்தது. பனி கூடினால் மழை குறைந்ததுபோல் தோன்றும். மற்றது, தென்மேல் பருவப்பெயர்ச்சியும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும் வேறு வேறு கடலிலிருந்து நீரைக் கொண்டுவருவது. இரண்டின் பங்கு மாறினாலே எண் மாறும். காபனுக்கும் தனி எச்சரிக்கை உண்டு: பனியுக உச்சத்தில் காற்றில் காபனீரொட்சைட்டு 190 பிபிஎம் அளவில்தான் இருந்தது, அது தன்பாட்டில் சி4 புல்லுக்குச் சாதகம். எல்லாப் புல்லையும் வறட்சியின் கணக்கில் எழுத முடியாது.

நுவரெலியா கிரகரி வாவியின் சேறு எளிதாகக் கைக்கு எட்டும். ஆனால் அது 1873இல் கட்டப்பட்டது; அதற்கு முந்திய காலம் அதன் சேற்றில் இல்லை, கரையெங்கும் வந்து சேர்ந்த அந்நிய மரங்களும் தோட்டங்களும். நவீன ஒப்பீட்டுக்குக்கூட ஹோட்டன் சமவெளியின் இலைகளையே பறிக்க வேண்டும், அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1988 முதல் அது தேசியப் பூங்கா.

எனவே பணம் குறைவென்றால் முழுச்சேற்றுக் காபனை ஒவ்வொரு இரண்டு சென்றிமீற்றருக்கும் அளந்து, வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் மெழுகைப் பிரியுங்கள். அந்த அடுக்குகளில் காபனையும் ஐதரசனையும் ஒரே சாற்றிலிருந்து எடுங்கள். ஐதரசனுக்கு அதிக மெழுகு தேவை என்பதால் அங்கே மூன்று கிராமே வெட்டுங்கள். வயதை வேரிழையில் பார்க்காதீர்கள். மேலிருந்து இறங்கிய வேர் அடுக்கை இளமையாகக் காட்டும். விதை அல்லது இலைத்துண்டைத் தேடி றேடியோகாபனுக்கு அனுப்புங்கள்.