ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் தீவனம்: நைரோபியிலா, மொம்பாசாவிலா?

கென்யா போகிறவர்கள் இதற்காக விசாரிப்பது பெரும்பாலும் மூன்று இடங்களை. நைரோபியின் லங்காட்டா பகுதியில் இருக்கும் ஜிராஃப் சென்டர், அதை ஒட்டியே நிற்கும் ஜிராஃப் மேனர் விடுதி, மொம்பாசா பக்கம் பம்புரியில் உள்ள ஹாலர் பார்க். (இந்திய உயிரியல் பூங்காக்களில் விலங்குக்குத் தின்ன எதையாவது நீட்டினால் அது சட்டப்படி குற்றம். ஆகவே இந்த ஆசையை வெளியில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.) நான் தேர்ந்தெடுத்தது ஜிராஃப் சென்டர். கடற்கரைக்குப் போன சாக்கில் ஹாலர் பார்க்கையும் பார்த்தாயிற்று. மேனரில் தங்கியதில்லை; அதைப் பற்றி எழுதுவது, தங்கியவர்கள் சொல்லக் கேட்டது.

மேனரை முதலில் முடித்துவிடலாம். 1932இல் கட்டிய கல் மாளிகை. காலை உணவு மேசைக்கு ஜன்னல் வழியாக ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டும் அந்தப் பிரபலமான படம் இங்கே எடுத்ததுதான். அறைகள் குறைவு, பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், வாடகையோ மிக அதிகம். ஆனால் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் பக்கத்து சென்டரில் தீவனம் தின்பதும் ஒரே மந்தை. வீட்டுக்கும் ஜன்னலுக்கும் கொடுக்கிற காசு அது. தேனிலவுக்குப் போகிறவர்கள் கொடுக்கட்டும், தப்பில்லை.

ஹாலர் பார்க்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிமெண்ட் ஆலைக்காகப் பவளச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித் தோண்டிப் பாழாக்கிய குழி அது. 1971இல் ரெனே ஹாலர் என்பவர் அங்கே மரம் வளர்க்கத் தொடங்கினார். அந்தப் பாறையில் பிழைத்து வேர் பிடித்தது நம் கடலோரங்களில் நிற்கும் அதே சவுக்கு. உதிர்ந்த சருகு மக்காமல் குவிந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை தின்று தின்று மண்ணாக்கின. 2004 சுனாமியில் தாயைப் பிரிந்த ஓவன் என்ற நீர்யானைக் குட்டி, ம்ஸீ என்ற கிழட்டு ஆமையோடு ஒட்டிக்கொண்டதும் இங்கேதான். குழந்தைகளோடு அரைநாள் சுற்ற நல்ல இடம். ஒட்டகச்சிவிங்கிக்காக மட்டும் என்றால் யோசிப்பேன். தீவனம் கொடுப்பதற்குக் குறித்த வேளைகள் உண்டு. அந்த வேளைக்கு எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள், கைகள் நாற்பது, வாய்கள் சில.

ஜிராஃப் சென்டருக்கு வருவோம். 1970களில் ராத்ஸ்சைல்டு வகை ஒட்டகச்சிவிங்கிகள் கென்யாவில் மேற்குப் பக்கத்துப் பண்ணை நிலம் ஒன்றில் சுமார் 130 மட்டுமே மிஞ்சியிருந்தன. அந்த நிலமும் குடியேற்றத்துக்குத் துண்டாடப்பட இருந்தது. ஜாக், பெட்டி லெஸ்லி மெல்வில் தம்பதி டெய்சி என்ற குட்டியைத் தங்கள் வீட்டுக்கு, அதாவது இன்றைய மேனருக்கு, கொண்டுவந்து வளர்த்தார்கள். 1979இல் அறக்கட்டளை, 1983இல் பொதுமக்களுக்குத் திறப்பு. இங்கே பிறந்து வளர்ந்தவை நகுரு, ரூமா போன்ற தேசியப் பூங்காக்களுக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன. டிக்கெட் பணம் கென்யப் பள்ளிப் பிள்ளைகளின் சூழல் கல்விக்கும் போகிறது.

உயரமான மரப் பரண்மேல் ஏறினால் ஒட்டகச்சிவிங்கியின் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில். தீவன உருண்டைகளைச் சிரட்டையில் தருவார்கள், ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொல்வார்கள். மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கு ஒன்றரை அடி, கருநீலம், கோந்து மாதிரி எச்சில். பயப்பட வேண்டியது அதன் தலைக்குத்தான். கை காலியானபின் முன்னாலேயே நின்றால் ஒரு முட்டு முட்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். என் கணக்கில் எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நாம் போகிற நேரத்தில் அதற்குப் பசி இருக்கிறதா?

சென்டரில் ஒட்டகச்சிவிங்கியைக் கட்டி வைப்பதில்லை. பின்னால் காடு இருக்கிறது, தின்ன இலை இருக்கிறது. உருண்டை சலித்துவிட்டால் திரும்பி நடந்துவிடும். நாம் சிரட்டையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதன் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்களே என்று எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் கடல் தாண்டி வந்த குழந்தைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது போனால் வேகமாகத் தின்னும், கூட்டமும் இருக்காது. மதியத்துக்குள் எத்தனையோ பேர் ஊட்டியிருப்பார்கள். ஹாலர் பார்க்கில் அவர்கள் வைத்த வேளைதான் நம் வேளை; சென்டர் மாலை ஐந்து வரை திறந்திருப்பதால், பசி வேளையை நாமே பார்த்துப் போகலாம். நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுவே.

சுற்றுலா வண்டிக்காரர்கள் பலர் செய்கிற வரிசை இதற்கு நேர்மாறு. ஷெல்ட்ரிக் யானைக்குட்டிக் காப்பகம் பதினொரு மணிக்குத்தான் பார்வையாளர்களை விடும் என்பதால் அங்கே முதலில் போய், பன்னிரண்டுக்கு மேல் இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். பள்ளிக்கூடப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டால் பரணில் நிற்க இடமிருக்காது. வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: ஒன்பதுக்கு ஒட்டகச்சிவிங்கி, அப்புறம் யானை. இரண்டும் நகரத்தின் ஒரே பக்கம்தான். ஷெல்ட்ரிக்குக்கு முன்பதிவு வேண்டும். சென்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு அல்லது எம்-பெசா (கென்யாவின் கைபேசிப் பணப் பரிமாற்றம்) கையில் இருக்கட்டும்.