ஃபாயில் பொட்டலமா, மிசோ மயோனைஸா? சின்னக் குழந்தைக்கு ஜப்பானிய ஓவன் மீன்

ஜப்பானிய வீட்டுச் சமையலில் குழந்தைக்கு ஓவனில் மீன் வேகவைக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, காய்களோடு ஃபாயிலில் மடித்து வேகவைக்கும் ஹோயிரு யாகி. இன்னொன்று, மேலே மிசோவும் (புளிக்கவைத்த சோயா விழுது) மயோனைஸும் பூசிச் சிவக்கவிடும் மிசோ மயோ யாகி. ஒன்றரை வயதுக்குள் என்றால் தயங்காமல் ஃபாயில்தான். கடைவாய்ப் பற்கள் முழுசாக முளைக்காத வாயில் வறண்ட மீன் சக்கையாக உருளும், குழந்தை துப்பிவிடும். பொட்டலத்துக்குள் ஆவி சுற்றுவதால் சதை ஈரமாகவே இருக்கும்.

80 கிராம் சால்மன் துண்டுக்கு 30 கிராம் வெங்காயம், 10 கிராம் கேரட், ஒரு டீஸ்பூன் தாஷி (கடற்பாசி, காய்ந்த மீனில் எடுக்கும் ஜப்பானியச் சாறு), 3 கிராம் வெண்ணெய். ஓவனில் 200 டிகிரியில் 15 நிமிடம். இதில் சொதப்புவது பெரும்பாலும் மீன் இல்லை, காய்தான். மீன் வெந்து முடியும்போதும் கேரட் நறுக்கென்று இருக்கும். அதனால் காயைத் தாள் போலச் சீவி, 600 வாட் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து, துவண்ட பிறகே மீனுக்கு அடியில் பரப்புங்கள். பெரியவர்களுக்குச் செய்யும்போது ஊற்றும் சாகே (அரிசி மது) இங்கே வேண்டாம். மூடிய பொட்டலத்திலிருந்து ஆல்கஹால் முழுசாக வெளியேறாது. சோயா சாஸ் கடைசியில் இரண்டு சொட்டு போதும்.

மிசோ மயோனைஸ் இரண்டு வயதைத் தாண்டி, கையில் எடுத்துத் தின்னும் குழந்தைக்குப் பொருத்தம். மீன் வாடை அடங்கும், ருசியும் கூடுதல். ஆனால் உப்பைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் 2020ஆம் ஆண்டு உணவு அளவுகோல் 1–2 வயதுக்கு நாளொன்றுக்கு உப்பு 3 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றது; ஒரு டீஸ்பூன் மிசோவிலேயே சுமார் 0.7 கிராம் போய்விடும். எனவே 80 கிராம் மீனுக்கு மயோனைஸ் ஒரு டீஸ்பூன், மிசோ கால் டீஸ்பூன், அவ்வளவுதான். முட்டை, சோயா ஒவ்வாமை இருந்தால் இந்த வழியே கூடாது.

மீனை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சரிவாக வெட்டி, ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சை மெல்லத் தூவிய பிறகே பூச்சு. ஈரத்தோடு பூசினால் மயோனைஸ் வழிந்து தட்டில் எண்ணெயாகத் தேங்கும். 200 டிகிரியில் 10 நிமிடம். மிசோ சீக்கிரம் கருகும். ஆறாவது நிமிடமே நிறம் ஏறிவிட்டால் மேலே ஃபாயிலைப் போர்த்திவிடுங்கள். கருகுகிறதே என்று பாதியில் வெளியே எடுக்கக் கூடாது. கடல் மீனில் ஒட்டுண்ணியாக இருக்கும் அனிசாகிஸ் புழு சாக, நடுப்பகுதி 60 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். 70ஐத் தொட்டால் கவலையே இல்லை.

காட் மீன் என்றால் கணக்கு மாறும். கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம் விடும்; ஃபாயிலில் சப்பென்று ஆகிவிடும், மயோனைஸில் நன்றாக வரும். சால்மன் இரண்டுக்கும் ஒத்துவரும், ஆனால் உப்பிடாத ‘நமஸாகே’யாகப் பார்த்து வாங்குங்கள். ‘அமாகுச்சி’ (உப்பு குறைவு) என்று எழுதியிருந்தாலும் அது உப்பிட்ட மீன்தான்.

எந்த வழியானாலும் முள்ளை இரண்டு தடவை பாருங்கள்: பச்சையாக இருக்கும்போது விரலால் தடவி ஒரு தடவை, வெந்ததும் உதிர்த்து இன்னொரு தடவை. ஒன்றரை வயது வரை ஒரு வேளைக்கு 15–20 கிராம் மீனே போதும்.